“பார்த்துச் செய்வோம்” என்பது கூலியாகுமா?



அரிசிக்குப் படி உண்டு; துணிக்குக் கெஜம் உண்டு; பொன்னுக்குத் தராசு உண்டு. படம் வரைபவர், விளம்பரம் எழுதுபவர், ஒளிப்படம் பிடிப்பவர் ஆகியோரின் உழைப்பை அளக்க என்ன கோல் உண்டு?

இக்கேள்வியை நாம் இப்போது எடுத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. முன்னாளில் நம் கடைகளுக்கு வேண்டிய சித்திர வேலை பெயர்ப்பலகையோடு முடிந்துவிட்டது. இன்றோ பெருநாள் வியாபாரம் முழுவதும் கைத்தொலைபேசியில் வரும் படத்தையும் காணொளியையும் நம்பி நடக்கிறது. ஆகையால் இத்தொழில் பயின்ற இளைஞரை நாமே சம்பளத்துக்கு அமர்த்துகிறோம். நம் பிள்ளைகளிலும் பலர் இதைக் கற்று அயலார் நிறுவனங்களில் வேலைக்கு அமர்கின்றனர். இவ்விஷயத்தில் நாம் முதலாளியாகவும் இருக்கிறோம். தொழிலாளியின் தகப்பனாராகவும் இருக்கிறோம். இரண்டு கண்ணாலும் பார்ப்பதே நேர்மை.

மனக்குறை பிறக்கும் இடம்

உதாரணத்துக்கு ஒன்றைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். ஒரு ஜவுளிக் கடையில் ஓர் இளைஞர் விளம்பர ஓவியராகச் சேருகிறார். சம்பளம் 2,200 வெள்ளி. “மூன்று மாதம் போகட்டும், தம்பி, பார்த்துச் செய்வோம்” என்கிறார் முதலாளி. இளைஞர் படம் வரைகிறார். காணொளி வெட்டி ஒட்டுகிறார். இரவில் வாடிக்கையாளர் அனுப்பும் செய்திகளுக்குப் பதில் எழுதுகிறார். சனிக்கிழமைகளில் கல்லாவிலும் நிற்கிறார். மூன்று மாதம் பதினொன்றாகிறது. பேச்சு எழவில்லை. அதே வேலைக்குப் புதிதாக வந்தவருக்கு 2,600 வெள்ளி என்று ஒருநாள் தெரிய வருகிறது.

இவருடைய மனம் புண்பட்டது 400 வெள்ளிக்காக மட்டுமா? “என்னை ஏய்த்துவிட்டார்கள்” என்ற எண்ணமே பெரிய புண். முதலாளியைக் கேட்டால், “நான் எப்போது இவ்வளவு தருவேன் என்றேன்?” என்பார். அதுவும் உண்மையாகவே இருக்கலாம். ஒருவர் சொன்னது ஒன்று, மற்றவர் கேட்டது ஒன்று. நடுவில் சாட்சி இல்லை.

ஆகவே முதற்பாடம் இது. குறைந்த கூலி வேறு. தராத கூலி வேறு. ஆசை காட்டிய கூலி வேறு. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் வழக்குப் பெருகுகிறது. ஒப்புக்கொண்ட கூலி சந்தை விலையினும் குறைவென்றால், அதற்கு மருந்து பேசிக் கேட்பது. இசையாவிடில் வேறிடம் பார்ப்பது. ஒப்புக்கொண்டதைத் தராவிட்டால் அதற்குச் சட்டம் இருக்கிறது. ஆசை காட்டியது மட்டும் என்றால், எழுத்து இருந்தால் வழி உண்டு. இல்லாவிட்டால் வழி மிகக் குறுகியது.

பத்து நிமிட வேலையா?

“பத்து நிமிடத்தில் கிறுக்கித் தந்ததற்கு இவ்வளவு விலையா?” என்று நம்மில் சிலர் கேட்பதுண்டு. நாணயமாற்றுத் தொழிலில் இருக்கும் நம் சகோதரர்களை நினைத்துப் பார்க்க வேண்டும். நோட்டைத் தொட்ட மாத்திரத்தில் இது கள்ளநோட்டு என்று விரல் சொல்லிவிடுகிறது. அதற்கு ஒரு விநாடிதான் ஆகிறது. அவ்விரலுக்கு அந்த அறிவு வருவதற்கு எத்தனை ஆண்டு ஆயிற்று? கல் வியாபாரியின் கண்ணும் அப்படியே. நம் தொழிலில் இந்த மதிப்பை அறிந்த நாம், ஓவியர் தொழிலில் மட்டும் கடிகாரத்தைப் பார்ப்பது நீதியாகாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மூட்டை தூக்குபவர் நூறு மூட்டை தூக்கினால் நூறும் கண்ணுக்குத் தெரிகிறது. சித்திர வேலையிலோ “நிறத்தை மாற்று, எழுத்தைப் பெரிதாக்கு” என்று பத்து முறை திருத்தச் சொன்னால், கடைசியில் கண்ணுக்குத் தெரிவது ஒரே படம். ஒன்பது படத்தின் உழைப்பு மறைந்துவிடுகிறது. மறைந்த உழைப்பே பின்னர் மனக்குறையாக வெளிப்படுகிறது.

ஜாலான் அம்பாஸ் தரும் படிப்பினை

இது புதிய வழக்கு என்று எண்ண வேண்டாம். சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்களின் மலாய்த் திரைப்படக் கூடம் இருந்தது. யுத்தத்துக்குப்பின் 1947-இல் படமெடுக்கத் தொடங்கிய அக்கூடம் 1967-இல் மூடப்படும் வரை மலாய்ப் படங்களின் தாய்வீடாக விளங்கியது. இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர் பலரும் அங்கே பணிசெய்தனர். நடிகர்கள் மாதச் சம்பளக்காரர்கள். படம் ஊரெங்கும் ஓடினாலும் சம்பளம் அதே சம்பளம்தான்.

நடிகர்கள் ‘பெர்சாமா’ என்னும் சங்கம் அமைத்திருந்தனர். புகழின் உச்சியிலிருந்த பி. ராம்லி அதில் முன்னின்றார். சம்பள உயர்வுக் கோரிக்கை எழுந்தது; ஊழியர் சிலர் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர்; 1957 மார்ச்சில் வேலைநிறுத்தம் மூண்டது. ஏப்ரலில் உடன்பாட்டில் முடிந்தது. அதே பி. ராம்லி 1973-இல் காலமானபோது, நாடே பாடிய பாட்டுகளை ஆக்கியவர் கையில் பெரும்பொருள் இல்லை என்பதை இன்றளவும் மக்கள் வருத்தத்தோடு பேசுகின்றனர். சம்பளம் ஒரு கணக்கு. ஆக்கிய பொருளின் உரிமை மற்றொரு கணக்கு. இரண்டாவது கணக்கைப் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை.

ஆக்கம் யாருக்குச் சொந்தம்?

எழுத்து இருந்தால் மட்டும் போதாது. எழுதியிருப்பது புரியவும் வேண்டும். இதற்கு உலகறிந்த உதாரணம் அமெரிக்காவில் உண்டு. ‘சூப்பர்மேன்’ என்னும் சித்திரக்கதை நாயகனை ஜெர்ரி சீகல் எழுத, ஜோ ஷஸ்டர் வரைந்தார். 1938-இல் அவ்விருவரும் அதன் முழு உரிமையையும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டனர். பின்னர் அது கோடிகளை ஈட்டியது. நெடுங்காலம் போராடிய பிறகே, 1975-இல் ஆண்டுதோறும் உதவிப்பணமும், படைப்பில் அவர்கள் பெயரும் கிடைத்தன.

நம் இரு நாடுகளிலும் சட்டம் எப்படி? சம்பளத்துக்கு இருப்பவர் தம் வேலையின் பகுதியாக ஆக்கியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிடில், இரு நாட்டிலும் முதலாளிக்கே சேரும். வெளியாளிடம் கொடுத்துச் செய்விக்கும் வேலையில்தான் வேறுபாடு. மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லையெனில் செய்யச் சொன்னவருக்கே உரிமை போகும். சிங்கப்பூரிலோ 2021 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டப்படி, ஒளிப்படம், உருவப்படம், ஒலிப்பதிவு, திரைப்படம் போன்றவற்றில், வேறு ஒப்பந்தம் இல்லையெனில் ஆக்கியவருக்கே முதலுரிமை. ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் கடை வைத்திருப்பவர் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே மாதிரி வேலை, பாலத்துக்கு இப்பால் ஒரு சொந்தம், அப்பால் ஒரு சொந்தம்.

எழுதவேண்டிய நான்கு

ஒரு காலத்தில் ஊரிலிருந்து வந்த கடைப்பையன்கள் சம்பளத்தை முதலாளியிடமே அமானிதமாக விட்டுவைத்து, ஊர் திரும்பும்போது கணக்குத் தீர்த்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே இருந்தது. வாய்ச்சொல்லை நம்பி நடந்த காலம் அது என்று பெருமையாகச் சொல்கிறோம். அக்காலத்திலும் பேரேடு இருந்தது என்பதை மறக்கலாகாது. அந்தப் பேரேட்டின் இடத்தில் இன்று ஒப்பந்தத் தாள் இருக்கவேண்டும். அதில் நான்கு விஷயங்கள் போதும்.

ஒன்று, வேலை என்ன என்பது. வரைவதா, காணொளியுமா, கல்லாவில் நிற்பதுமா என்பதைப் பிரித்து எழுதுக.

இரண்டு, கூலி எவ்வளவு, எந்நாளில் என்பது. உயர்வு தருவதாயின் தேதியும் தொகையும் வேண்டும். தர இயலாதாயின் “இப்போது இயலாது” என்று சொல்லிவிடுவதே மரியாதை.

மூன்று, வேலை நேரம் எவ்வளவு என்பது. வெளியாளாயின் எத்தனை திருத்தம் வரை இந்த விலை என்பதும் வேண்டும்.

நான்கு, ஆக்கம் யாருக்குச் சொந்தம், பெயர் யாருடையது என்பது. செய்த வேலையைத் தம் மாதிரித் தொகுப்பில் காட்டிக்கொள்ள ஓவியருக்கு அனுமதி உண்டா என்பதையும் சேர்க்க வேண்டும். அடுத்த வேலை தேடுபவருக்கு அதுவே நற்சான்று.

இவற்றுட் சில நம் விருப்பத்தில் விடப்பட்டவை அல்ல. சிங்கப்பூரில் 2016 ஏப்ரல் முதல், வேலையில் சேர்ந்த 14 நாட்களுக்குள் முக்கிய நிபந்தனைகளை எழுத்தில் தரவேண்டும். விவரமான சம்பளச் சீட்டும் தரவேண்டும். தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் வேண்டும். 2023 ஜனவரி முதல் அச்சட்டம் எல்லாச் சம்பளக்காரரையும் தழுவுகிறது. இரு நாட்டிலும் சம்பளக் காலம் முடிந்த 7 நாட்களுக்குள் சம்பளம் கொடுபட வேண்டும்.

குறையுற்றவர் செய்யத்தக்கது

நம் பிள்ளைகளில் ஒருவர் இத்தகைய குறையோடு வீட்டுக்கு வந்தால் என்ன சொல்வது? “பொறுத்துக்கொள்” என்று மட்டும் சொல்லி அனுப்புவதும் தவறு. “நாளையே வேலையை எறி” என்பதும் தவறு. முதலில் தாளும் பேனாவும் எடுக்கச் சொல்வோம். என்ன வாக்குக் கிடைத்தது, எந்நாளில், யார் சொன்னார், என்னென்ன வேலை செய்தேன் என்று வரிசையாக எழுதட்டும். கைத்தொலைபேசியில் வந்த செய்திகளை அழிக்காமல் வைத்திருக்கட்டும். பிறகு முதலாளியிடம் தனியே, அமைதியாகக் கேட்கட்டும். “நான் ஏமாற்றப்பட்டேன்” என்று தொடங்கினால் கதவு சாத்தப்படும். “இன்ன தேதியில் இதைப் பேசினோம், இப்போது எப்படிச் செய்யலாம்?” என்றால் பேச்சு தொடரும். பேசி முடித்ததை அன்றே ஒரு கடிதமாக அனுப்பிவைத்தால் அதுவே எழுத்தாகிவிடும்.

ஒப்புக்கொண்ட சம்பளமே வராவிட்டால், மலேசியாவில் தொழிலாளர் இலாகா இருக்கிறது. சிங்கப்பூரில் முத்தரப்புச் சமரச அமைப்பும், அங்கே தீராதவற்றுக்கு 2017 ஏப்ரலில் தொடங்கிய தனி நடுவர் மன்றமும் இருக்கின்றன. அங்கே காலக்கெடு உண்டு: வேலையில் இருப்பவர் ஓராண்டுக்குள்ளும், விலகியவர் 6 மாதத்துக்குள்ளும் முறையிட வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டிலிருந்தால் நாள் கடந்துவிடும்.

சகோதரர்களே! சரக்கு வாங்கும்போது விலை பேசாமல் நாம் வாங்குவதில்லை. “பார்த்துச் செய்வோம்” என்று ஒரு மொத்த வியாபாரியிடம் சொன்னால் அவர் ஒரு மூட்டையும் இறக்கமாட்டார். மனிதரின் உழைப்பை வாங்கும்போது மட்டும் அச்சொல் செல்லுபடியாவது எப்படி? நம் கடையில் வேலைசெய்யும் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு சொல் பாக்கி நிற்குமானால், இம்மாதக் கணக்கு முடிக்குமுன் அவரை அழைத்து உட்காரவைத்து, தொகையும் தேதியும் எழுதிக் கையொப்பமிடுவோம். நாளை நம் பிள்ளை அமரும் இடத்தில் இருக்கும் முதலாளியிடமும் நாம் எதிர்பார்ப்பது அதையே அல்லவா?