ஆங்கிலம் கற்பிக்கப் போகும் தங்கச்சிக்கு

அன்புத் தங்கச்சிக்கு,

பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியில் பயிற்சி முடித்து, ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆங்கில ஆசிரியையாகச் சேர்ந்திருக்கிறீர்கள். சந்தோஷம். மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு மரபுத்தொடர் கற்பிக்க ஒரு நல்ல பட்டியல் வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். உங்களைப் போல இன்னும் பல பேர் மலையகத்தில் இதே கேள்வியோடு இருப்பதால் பதிலைப் பத்திரிகையிலேயே எழுதுகிறேன்.

பட்டியல் கொடுக்காதீர்கள். என் முதல் வேண்டுகோள் அதுதான். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ் என்று அச்சடித்த சிறு புத்தகங்கள் டவுன் கடைகளில் தொங்குகின்றன. அவற்றின் முதல் பக்கத்திலேயே பெரும்பாலும் ‘இட்ஸ் ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ இருக்கும். பிள்ளை மனப்பாடம் செய்யும், பரீட்சையில் எழுதும். ஆனால் இன்றைக்கு ஆங்கிலம் பேசுகிறவர்கள் அன்றாடப் பேச்சில் அதை அதிகம் சொல்வதில்லை. நாயும் பூனையும் வந்ததற்குக் காரணமாகச் சொல்லப்படும் கூரைக் கதைக்கும் ஆதாரம் கிடையாது. வட்டவளையில் அடைமழை கொட்டும்போது உங்கள் மாணவியின் அம்மா ‘பேய்மழை’ என்கிறாள். அந்த மழையில் பேய் எங்கே என்று எந்தப் பிள்ளையும் தேடியதில்லை. மரபுத்தொடர் என்றால் என்ன என்பதை இந்த இடத்தில் இருந்து விளக்குங்கள். அது பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த வித்தை. ஆங்கிலத்துக்கு மட்டும் சொந்தமான அதிசயம் கிடையாது.

அடுத்தது, பட்டியலால் சொல்லவே முடியாத ஒன்று. ‘கிக் த பக்கெட்’ என்பதற்கு நேரே ‘இறந்துபோதல்’ என்று அச்சடித்திருப்பார்கள். பொருள் சரிதான். ஆனால் பாட்டி இறந்த வீட்டில் நின்றுகொண்டு யாராவது ‘பாட்டி மண்டையப் போட்டுருச்சு’ என்பார்களா? ‘தவறிட்டாங்க’ என்போம், ‘காலமாகிட்டாங்க’ என்போம். ஆங்கிலத்தில் அந்த இடத்துக்கு ‘பாஸ்ட் அவே’ உண்டு. அனுதாபக் கடிதத்தில் ‘கிக் த பக்கெட்’ எழுதும் பிள்ளைக்கு இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. கடிதத்தை வாசிக்கிறவர் மனந்தான் புண்படும். ‘மண்டையைப் போட்டார்’ என்பதைப் பலகையில் எழுதுங்கள். அதையே ‘தலையைப் போட்டார்’ என்று மாற்றி எழுதுங்கள். வகுப்பே ‘இல்ல மிஸ்’ என்று சொல்லும். மரபுத்தொடரில் ஒரு சொல்லைக்கூட நம் விருப்பத்துக்கு மாற்ற முடியாது என்ற விதி அதோடு புரிந்துவிடும். யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக்கூடாது என்பதும் புரிந்துவிடும். இரண்டுக்கும் வேறு விளக்கம் தேவையில்லை.

தேயிலையை வைத்து ஆங்கிலத்தில் இருக்கும் தொடர்களை நம் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லிக் கொடுங்கள். ‘நாட் மை கப் ஆஃப் டீ’ என்றால் எனக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை என்று மரியாதையாக ஒதுங்குவது. கிரிக்கெட், சினிமா, ஒரு பாட்டு, ஒரு சாப்பாடு, இப்படி விரும்பினால் எடுக்கலாம், விரும்பாவிட்டால் விடலாம் என்ற இடத்தில்தான் அதைச் சொல்வார்கள். விடிந்தால் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறும் தாய் தன் வேலையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அவள் முன்னால் தெரிவு இருந்தால்தானே. இதைப் பிள்ளைகளிடம் பேசுங்கள். ஒரு தொடர் எந்த வாழ்க்கையில் இருந்து வந்தது என்று யோசிக்கத் தொடங்கிய பிள்ளை அதைத் தவறான இடத்தில் பயன்படுத்தாது.

‘ஸ்டார்ம் இன் எ டீகப்’ என்பதும் அப்படித்தான். ஒன்றுமில்லாத விஷயத்துக்கு எழும் பெரிய ஆரவாரம் என்று பொருள். தேயிலை ஐரோப்பாவுக்குப் போவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ரோமாபுரியின் சிசரோ இதே கருத்தை அகப்பைக்குள் அலை என்று எழுதியிருக்கிறார். தேநீர்க் கோப்பை பின்னால் வந்தது. ஆனால் ஒரு விஷயம் சிறியதா பெரியதா என்று தீர்மானிக்கிறவர் யார்? இந்தத் தொடரைச் சொல்கிறவர் பெரும்பாலும் வெளியே நின்று பார்க்கிறவர். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்ட போராட்டத்தின்போது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி செத்தார். பங்களா வராந்தாவில் இருந்து பார்த்தவருக்கு அதுவரை நடந்தது கோப்பைக்குள் புயலாகத் தெரிந்திருக்கலாம். லயத்து வீடுகளில் இருந்த தொழிலாளர்களுக்கு அது அடுப்பெரியும் விஷயம். ஆங்கிலப் பத்திரிகையில் இந்தத் தொடரைக் கண்டால் ‘இதை யார், யாருடைய பிரச்சினையைப் பற்றிச் சொல்கிறார்?’ என்று கேட்கப் பழக்குங்கள்.

இனி நான் அதிகம் சொல்ல விரும்புவது.

நம் மலைகளில் அந்நிய மொழி கற்ற முதல் மாணவர்கள் வெள்ளைத் துரைமார். தமிழ் தெரியாமல் தோட்டம் நடத்த முடியாது. அதற்காகவே புத்தகங்கள் வந்தன. ஏ. எம். ஃபெர்குசன் எழுதிய சின்னத்துரைமாருக்கான தமிழ்க் கையேடு 19ஆம் நூற்றாண்டில் கொழும்பில் அச்சானது. அதன் பெயரே ‘இங்கே வா’. 1915இல் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் ‘கூலி டமிள்’ என்று இன்னொன்று வெளியிட்டார். அந்தப் பெயர்களே போதும். வா, போ, எடு, வெட்டு என்று ஏவுவதற்கு வேண்டிய தமிழைத்தான் துரை தேடினார். ‘தயவுசெய்து’ அவருக்குத் தேவைப்படவில்லை. எவரோடு என்ன உறவு என்பதைப் பொறுத்துத்தான் ஒருவர் அந்நிய மொழியில் எதைக் கற்றுக்கொள்கிறார் என்பது அமைகிறது.

உங்கள் பிள்ளைகளுக்கு வேண்டியது நேர் எதிரான ஆங்கிலம். அவர்கள் யாரையும் ஏவப் போவதில்லை. நேர்முகப் பரீட்சைக்குப் போவார்கள், நுவரெலியாவில் ஹோட்டல் வரவேற்பு மேசையில் நிற்பார்கள், கொழும்பில் இருந்து தொலைபேசியில் பேசும் மேலாளருக்குப் பதில் சொல்வார்கள். அங்கே ஆங்கிலம் சுற்றி வளைத்துப் பேசும். ‘ஐ ஆம் அஃப்ரெய்ட் வீ ஆர் ஃபுல்’ என்று ஒருவர் சொன்னால் அவர் எதற்கும் பயப்படவில்லை. இடமில்லை என்பதை வருத்தத்தோடு சொல்கிறார். ‘வில் கெட் பேக் டு யூ’ என்று நேர்முகத்தில் சொன்னால் இப்போது பதில் இல்லை என்று அர்த்தம். வேலை கிடைத்துவிட்டது என்று ஊருக்குச் சொல்லி இனிப்பு வாங்கக்கூடாது. ‘கீப் மீ போஸ்டட்’ என்றால் தபாலில் அனுப்பச் சொல்லவில்லை, அவ்வப்போது விஷயத்தைத் தெரிவிக்கச் சொல்கிறார். ‘லெட்ஸ் கால் இட் எ டே’ என்றால் இன்றைக்கு வேலை போதும். ‘கிவ் மீ எ ஹேண்ட்’ என்றால், கொழுந்துச் சாக்கைத் தூக்கும்போது ‘ஒரு கை பிடிங்க’ என்கிறோமே, அதுவேதான்.

இவற்றில் ஒரு கடினமான சொல்லும் கிடையாது. அதனால்தான் பிள்ளை தடுக்கி விழுகிறது. தெரியாத சொல் வந்தால் அகராதியைப் புரட்டும். தெரிந்த சொற்களாகவே வந்து வேறு பொருள் தரும்போது, தனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளும். அலங்காரமான தொடர்களுக்கு ஒதுக்கும் நேரத்தை இவற்றுக்குக் கொடுங்கள். எழுத வைப்பதற்கு முன் கேட்க வையுங்கள். மரபுத்தொடரைப் பேசத் தெரியாவிட்டால் பெரிய நட்டமில்லை, நேரான வாக்கியத்தில் சொல்லிவிடலாம். கேட்டுப் புரியாவிட்டால்தான் வேலையும் வாய்ப்பும் கைநழுவும்.

பல்கலைக்கழகங்களில் சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்தை ‘கடுவ’ என்பார்கள், வாள் என்று பொருள். தெரியாதவனை வெட்டிச் சாய்க்கும் ஆயுதமாக அதை அவர்கள் பார்த்தார்கள். நம் பிள்ளைகளுக்கும் அந்த அச்சம் உண்டு. தன் பேச்சு ‘தோட்டத்துப் பேச்சு’, அது தாழ்ந்தது என்று எங்கேயோ கேட்டுவிட்டு வகுப்பில் வாய் திறக்காமல் இருக்கும் பிள்ளையை முதல் வாரத்திலேயே பார்ப்பீர்கள். அந்தப் பிள்ளையின் வாயில் இருப்பதைக் கேளுங்கள். ‘இன்னைக்கு அரைப்பேருதான்’ என்று அம்மா சொன்னதாகச் சொல்லும். கேட்ட அளவு கொழுந்து நிறைக்கு வராததால் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் பாதி நாள் சம்பளம் விழுந்திருக்கிறது. ஒருவரின் பெயர் ஒரு நாள் உழைப்பாகி, அதையும் பாதியாக வெட்டலாம் என்று அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. துரையின் ஆங்கிலத்திலும் அது ‘ஹாஃப் நேம்’ ஆகப் புகுந்தது. இப்படி ஆங்கிலத்துக்கே தொடர் கொடுத்த பேச்சு, தாழ்ந்த பேச்சாகாது.

இன்னொன்று, எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது. ‘தேயிலைத் தூருல தேங்காயும் மாசியும்’ என்று வயதானவர்கள் சொல்வார்கள். கண்டிச் சீமைக்கு வந்தால் செடியைத் தோண்டினாலே தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று ஆசை காட்டித் திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கங்களில் இருந்து கங்காணிகள் ஆள் கட்டினார்கள் என்பது நம் பாட்டன் பூட்டன் காலத்துப் பேச்சு. ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரீட்ஸ் பேவ்ட் வித் கோல்ட்’ என்று உண்டு. லண்டன் தெருவெல்லாம் தங்கம் பாவியிருக்கிறது என்று நம்பி ஊரை விட்டுப் போன டிக் விட்டிங்டன் என்ற ஏழைப் பையனின் கதையோடு சேர்ந்து வருவது. இந்த இரண்டையும் ஒரே பாடத்தில் வையுங்கள். கதையை ஆங்கிலத்தில் சொல்லுங்கள். தேங்காயும் மாசியும் பற்றி வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள். விட்டிங்டன் கடைசியில் லண்டன் மேயரானான். நம்மவர்களுக்கு அது வாய்க்கவில்லை. 1948இல் பிரஜாவுரிமையும் போயிற்று. ஏன் ஒரு கதை அப்படி முடிந்தது, மற்றது இப்படி என்று பதினைந்து வயதுப் பிள்ளைகள் பேசட்டும், தப்பும் தவறுமான ஆங்கிலத்திலேயே பேசட்டும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் பிடிக்கும் முகவர் இன்று லயத்து வாசலில் சொல்லும் வார்த்தைகள் எந்தத் தொடருக்குப் பொருந்தும் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். அந்தப் பாடம் மறக்காது.

ஒரு தொடரை மட்டும் எச்சரிக்கையோடு கையாளுங்கள். ஊரால் ஒதுக்கப்பட்டவரை ஆங்கிலத்தில் ‘சோஷல் பரையா’ என்பார்கள். உலகத் தலைவர்கள் வாயிலும் அது சாதாரணமாக வரும். நம் மண்ணின் ஒரு சாதிப் பெயர், பறையோடு பிறந்த சொல், கடல் கடந்து வசையாகி நிற்கிறது. விடியற்காலையில் பெரட்டுக்கு ஆள் கூட்டத் தப்படித்தவர்களின் பேரப்பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருக்கலாம். வாசிப்பில் வந்தால் பொருளைச் சொல்லுங்கள், எங்கிருந்து போனது என்பதையும் சொல்லுங்கள். எழுதவோ பேசவோ பழக்காதீர்கள். ‘ஒதுக்கிவைத்தார்கள்’ என்று நேராகச் சொல்ல ஆங்கிலத்தில் வழி இருக்கிறது.

பாடத்துக்குத் தளபாடம் தேடி அலைய வேண்டாம். பழைய வீரகேசரிகளைக் கட்டாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ‘பச்சைக்கொடி காட்டினார்’, ‘முதலைக் கண்ணீர்’, ‘வெள்ளை யானை’, ‘சிவப்பு நாடா’ என்று ஒவ்வொரு பக்கத்திலும் ஏதோ ஒன்று அகப்படும். பலவும் ஆங்கிலத்தில் இருந்து தமிழுக்கு வந்து வீட்டுப் பிள்ளையாகிவிட்டவை. தமிழ்ப் பத்திரிகையில் வட்டமிட்டுவிட்டு, அதன் ஆங்கில உருவத்தைப் பிள்ளைகள் ஊகிக்கட்டும். அடையாள அட்டைக்காகவும் பிறப்புச் சான்றிதழுக்காகவும் அரசாங்கக் கச்சேரிப் படி ஏறி இறங்கிய குடும்பத்துப் பிள்ளைக்குச் சிவப்பு நாடாவை விளக்க வேண்டிய அவசியமே வராது.

சி. வி. வேலுப்பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். 1914இல் மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர், 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினரானவர். இந்த மலைகளின் துயரத்தை ஆங்கிலக் கவிதையாக எழுதி வெளியுலகுக்குச் சொன்னார். அதே கையால் லயங்களில் பாடிய நாட்டார் பாடல்களையும் தேடித் தொகுத்தார். ஒன்று மற்றதற்குத் தடையாக இருக்கவில்லை. லயத்துப் பாட்டின் சந்தத்தைக் காதில் வைத்திருந்தவர் என்பதால்தான் அவருடைய ஆங்கிலத்தில் வேறெவரும் எழுத முடியாத ஒன்று இருக்கிறது என்பது என் தீர்மானமான எண்ணம்.

அவர் பாடல்களைச் சேர்த்தார். நீங்கள் தொடர்களைச் சேருங்கள். ஒரு கொப்பியை அதற்கென்று வைத்து, பிள்ளைகள் வீட்டில் இருந்து கொண்டுவரும் ஒவ்வொரு தொடரையும் எழுதுங்கள்: யார் சொன்னார், மலையில் சொன்னதா, தேயிலை ஸ்டோரில் சொன்னதா, கோபத்தில் சொன்னதா, பிள்ளையைக் கொஞ்சும்போதா. பக்கத்தில் அதற்கு ஆங்கிலத்தில் ஈடு இருந்தால் குறியுங்கள், இல்லாவிட்டால் வெறுமையாக விடுங்கள். அந்தக் காலத்துப் பெரட்டுக் களமும் கங்காணியும் கண்ட தலைமுறையில் இன்று கொஞ்சம் பேர்தான் இருக்கிறார்கள். முதலாம் தவணை முடிவதற்குள் அந்தக் கொப்பியின் ஒரு பிரதியை எனக்கு அனுப்பி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்