முதற்பாட்டும் வழிப்பாட்டும்

நூலினை முதல், வழி, சார்பு என மூவகைப்படுத்தினர் நம் இலக்கணப் புலவர். வழிநூலாவது, முன்னோன் கண்ட முடிபோடு ஒத்துச் செல்வதுடன் பின்னோன் விரும்பிய வேறுபாடும் உடையதாதல் வேண்டும் என்பது நன்னூலார் கருத்து. இவ்விதி இசைக்கும் பொருந்துமோ? பிறர் பாட்டை மீண்டும் பாடுவோன் கலைஞனோ, வெறும் படியெடுப்போனோ? மேனாட்டுப் பாட்டு ஒன்றினைக் கொண்டு இதனை ஆராயப் புகுவோம்.

அப்பாட்டின் பெயர் 'டெயின்டட் லவ்'. கறைபட்ட காதல் என்பது பொருள். துன்பமே தரும் காதலினின்று தப்பியோட விழையும் நெஞ்சின் கூற்று அது. அமெரிக்கரான எட் காப் இயற்றிய அதனைக் குளோரியா ஜோன்ஸ் என்னும் அம்மையார் 1964-இல் பாடினார். இசைத்தட்டின் மறுபக்கத்தே இடம்பெற்ற அது அந்நாளில் புகழ்பெறவில்லை. ஆயினும், அமெரிக்கக் கறுப்பினத்தாரின் மறக்கப்பட்ட இசைத்தட்டுகளைத் தேடியெடுத்து ஆடிய வட இங்கிலாந்து நடனக்கூடங்களில் 1970-களில் அது புத்துயிர் பெற்றது. அவ்விசை வழக்கை 'நார்தர்ன் சோல்' என்பர்.

அவ்வழக்கில் திளைத்து வளர்ந்தவர் டேவ் பால். ஜெர்மனியின் கிராப்ட்வெர்க் குழுவினரது மின்னிசையிலும் ஈடுபட்டவர். மார்க் ஆல்மண்டின் உள்ளங்கவர்ந்தவரோ மார்க் போலன் என்னும் பாடகர். அப்போலனின் குழுவில் குளோரியா ஜோன்ஸும் பாடியதுண்டு. லீட்ஸ் நகரக் கல்லூரியில் நண்பரான ஆல்மண்டும் பாலும் 'சாப்ட் செல்' என்னும் குழு அமைத்து, தாம் விரும்பிய அப்பாட்டை 1981-இல் வெளியிட்டனர்.

யாம் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டோம். முன்னையதில் ஊதுகருவியும் கித்தாரும் முரசும் விரைந்து முழங்குகின்றன. துன்புற்றோர் சினந்தெழுந்து ஓடுவது போன்றது அது. பின்னையதில் அவற்றிற்கு ஈடாகச் சிந்தசைசரும் தாளப்பொறியும் ஒலிக்கின்றன. நடை தளர்ந்தது, சுருதி தாழ்ந்தது. ஓட விழைந்தும் ஓடமாட்டாதவன் குரலாக அது நம் செவியில் விழுகின்றது. பொருள் ஒன்றே, அதன் மெய்ப்பாடு வேறாயிற்று. வழிநூல் இலக்கணம் இதுவன்றோ!

அப்பாட்டு பிரிட்டனில் முதலிடம் பெற்றது. அமெரிக்கப் பட்டியலில் எட்டாம் இடம் எய்தி, 43 வாரம் நிலைத்தது. எனினும், தட்டின் மறுபக்கத்தும் பிறர் பாட்டையே அவர்கள் பதித்தமையால், பாட்டு இயற்றியோர்க்குரிய ஊதியம் இருபக்கத்தினின்றும் அவர்க்கு வாராதாயிற்று. வழிவந்தோன் முதல்வனுக்குச் செலுத்தவேண்டிய கடன் அது, முறையே எனலாம். இப்பாட்டின் புகழால் குளோரியா ஜோன்ஸின் பழைய தட்டைத் தேடிக் கேட்டாரும் பலராயினர். வழி செவ்விதாயின் முதலும் வாழும்.

மாணாக்கராகிய நாமோ, ஆசிரியர் உரையைத் தேர்வில் ஒப்பித்தலைப் பணிவென்றும், மறுத்துரைத்தலைப் புலமையென்றும் மயங்குகின்றோம். இரண்டும் எளியனவே. முன்னோர் சொல்லை நெஞ்சார விரும்பிக் கற்று, அதனுள் நம் குரலையும் கேட்பித்தல் அரிது. அவ்வரிய நெறியை நாடுவோமாக.