வெள்ளைப் புள்ளியெல்லாம் புற்றுநோய் அல்ல

இலங்கையின் வடகிழக்கில் உள்ள புல்மோட்டைக் கரையின் கறுப்பு மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கோனோடு மிகச் சிறிய அளவில் மோனசைட்டும் உண்டு. மோனசைட்டில் இருக்கும் தோரியம் கதிர்வீசும். "இந்த மண்ணில் கிடந்தால் மூளையில் கான்சர் வரும்" என்று ஒருவர் பயந்தால் அந்தப் பயத்தை அலட்சியமாகத் தள்ளக் கூடாது. தலைக்குக் கொடுக்கும் பலமான கதிர்வீச்சு, அதுவும் சிறுவயதில் கொடுத்தால், பிற்காலத்தில் மூளைக்கட்டியை உண்டாக்கலாம் என்பது நிரூபணமானது. கரையோர மணலின் கதை வேறு. மோனசைட் செறிந்த கேரளத்துக் கருநாகப்பள்ளியில் 69,958 பேரைச் சராசரி 10 வருடங்களுக்கு மேல் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. அந்த மண்ணின் கதிர்வீச்சால் அங்கே புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை.

இந்தப் பயத்தோடு போனாலும் டொக்டர் மண்ணைப் பற்றிக் கேட்கமாட்டார். தலையிடி காலையில் எழும்பும்போதே கடுமையாக இருக்கிறதா, கூடவே சத்தி வருகிறதா, வாரத்துக்கு வாரம் கூடுகிறதா, ஒரு பக்கக் கையோ காலோ சோர்கிறதா, பேச்சுத் தடுமாறுகிறதா என்றுதான் கேட்பார். "நாள்பட்ட தலையிடி என்றால் கட்டிதான்" என்ற நினைப்பு பலரின் தூக்கத்தைக் கெடுக்கிறது. பெரும்பாலான தலையிடிகளுக்கும் கட்டிக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அமைதியான மனிதர் காரணமின்றி எரிந்து விழுகிறார், தெரிந்த கணக்கில் பிழை விடுகிறார் என்றால் அது நோயாளிக்குத் தெரியாது, வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். கிளினிக்குக்கு அவர்களும் கூடப் போக வேண்டும். அங்கே கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்ப்பது கண்ணாடி எழுதித் தருவதற்காக அல்ல. மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் கண்ணின் பின்புறத்தில் பார்வை நரம்பு வீங்கும், அதைத்தான் டொக்டர் தேடுகிறார்.

வளர்ந்தவருக்கு முதல்முறையாக வலிப்பு வந்தால் ஓதிப் பார்ப்பவர்கள் ஓதட்டும். அதே நாளில் ஆஸ்பத்திரிக்கும் போய்விடுங்கள். கடலுக்குப் போகிறவர் என்றால், காரணம் தெரிந்து, மருத்துவர் சம்மதிக்கும்வரை படகேற வேண்டாம். கடலில் வைத்து வலிப்பு வந்தால் கட்டி இருந்ததா இல்லையா என்று பார்ப்பதற்கே ஆள் இருக்கமாட்டார்.

அடுத்த நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் அதிகக் கேடு செய்கிறது: "ஸ்கேனில் வெள்ளையாய்த் தெரிந்தால் கான்சர், கதை முடிந்தது." சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் எங்கே, எவ்வளவு பெரியது, சுற்றி வீக்கம் உண்டா என்பதைக் காட்டும். அது என்னவென்று பல வேளைகளில் ஊகிக்க மட்டுமே உதவும். சீழ்க்கட்டி, காசநோய்க் கட்டி, பக்கவாதம் எல்லாமே அந்தப் படத்தில் புற்றுநோயின் வேடம் போடக்கூடியவை.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். வலிப்போடு வந்தவர்களின் சி.டி.யில் ஒரே ஒரு சிறு வட்டப் புள்ளி தெரிந்தால், இந்தியாவில் அதைக் காசநோய்க் கட்டி என்று கருதி மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்துவந்த காலம் உண்டு. வேலூரின் ராஜசேகரும் மாத்யூ சாண்டியும் அவர்களது குழுவினரும் அந்தப் புள்ளியிலிருந்தே திசுவை எடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவை செத்துக்கொண்டிருந்த நாடாப்புழுக் குடம்பிகள்! எது எதுவென்று பிரித்தறியும் குறிகளை 1993இல் வெளியிட்டார்கள். 20 மில்லிமீட்டருக்குள் அடங்கும் தனிப் புள்ளி, மண்டை அழுத்தம் இல்லை, கைகால் பலவீனம் கூடிக்கொண்டு போகவில்லை என்றால் புழுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அவற்றில் பல தாமாகவே கரைந்துவிடுகின்றன. இது பன்றி இறைச்சி தின்பவர்களுக்கு மட்டும் வரும் நோயும் அல்ல. புழுவின் முட்டை கலந்த அசுத்தமான உணவும் நீரும் போதும்.

"தலையில் நோய் இருக்க, நெஞ்சை ஏன் படம் பிடிக்கிறார்கள்?" என்று கோபப்படுபவர்களுக்கு: மூளையில் காணும் புற்றுக்கட்டிகளில் பல நுரையீரல், மார்பகம் போன்ற வேறிடத்தில் தொடங்கி அங்கே வந்து குடியேறியவை. வேரைத் தேடாமல் வைத்தியம் இல்லை.

ஸ்கேன் ஊகிக்க மட்டுமே உதவுவதால் தீர்ப்புச் சொல்வது திசு. திசுவெடுக்கும் பயொப்சிக்கு மண்டையில் சிறு துளையிட்டு, ஸ்கேன் காட்டிய இடத்துக்குக் கணினி அளந்த வழியில் ஊசியை விடுவார்கள். வெட்டி எடுக்கக்கூடிய கட்டியென்றால் அந்த ஒபரேசனிலேயே திசுவும் கிடைத்துவிடும். "கத்தி பட்டால் பரவும்" என்று இதை மறுத்துத் திரும்பி வருபவர்களை நினைத்தால் மனம் பதைக்கிறது. மூளையிலேயே பிறந்த கட்டி உடம்பின் வேறு பாகங்களுக்குப் போவது மிக அரிது. இரத்தக் கசிவு என்ற உண்மையான ஆபத்து சிறிய அளவில் உண்டு. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூளைத்தண்டு போன்ற இடங்களில் மருத்துவர்களே ஊசி விடத் தயங்கி ஸ்கேனை வைத்து முடிவெடுப்பதும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாட்டின்படி, ஐ.டி.எச். போன்ற மரபணு மாற்றங்களையும் பார்த்தே கட்டிக்குப் பெயர் வைக்கிறார்கள். ஸ்கேனில் ஒரேமாதிரி இருக்கும் இரண்டு கட்டிகளுக்கு மருந்தும் ஆயுளும் வேறாகலாம். அறிக்கை தாமதிப்பது அதனால்தான்.

இரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் மூளைப் புற்று தெரியாது. இளம் வயதினருக்கு வரும் சில அரிய கட்டிகளே விதிவிலக்கு.

எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை. பலமான காந்தம் இருக்கிறது. போர்க்காலத்தில் செல் துண்டு ஏறி இன்னும் அதோடு வாழ்பவர்கள் வடக்கு கிழக்கு எங்கும் இருக்கிறார்கள். இரும்புத் துண்டு காந்தத்துக்கு அசையலாம், சூடேறலாம். கண்ணுக்குப் பக்கத்தில் என்றால் பார்வையே போகலாம். எனவே எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகுமுன் உடம்பில் எங்கே பட்டது, என்ன எடுத்தார்கள், எது மிச்சம் என்று சொல்லுங்கள், பழைய எக்ஸ்ரே இருந்தால் கையோடு கொண்டு போங்கள். சிறுநீரக நோய், கர்ப்பம், இதயத்தில் பொருத்திய கருவி ஆகியவற்றையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.