வயிற்றைக் காக்கச் சொல்லிவிட்டு அதில் டீ ஊற்றலாமா? கவசம் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்

முருகா சரணம்!

போன வருஷம் ஐப்பசி மாசம் கந்த சஷ்டி. ஆறு நாளும் விரதம்னு உறுதியா இருந்தேன். அந்த வாரம் எனக்கு நைட் ஷிஃப்ட். காலையில கம்பெனி பஸ்ஸில் ஏறினதும் காதில் இயர்போன். 20 நிமிஷக் கவசத்தை ரெண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, உதட்டால் கூடவே சொல்லிக்கிட்டு, விரலால் சூப்பர்வைசர் மெசேஜுக்குப் பதில் போட்டுக்கிட்டு வருவேன். வில்லியனூர் கோபுரம் கண்ணில் படும்போது கவசம் முடிஞ்சிருக்கும். இன்னிக்குக் கணக்கு தீர்ந்ததுன்னு ஒரு நிம்மதி.

மூணாம் நாள் பஸ் ஸ்டாப்பில் இறங்கினதும் கண் இருட்டிக்கிட்டு வந்தது. டீக்கடை அண்ணன் பிடிச்சு பெஞ்சில் உட்கார வச்சார். டாக்டர் என்னிடம் மூணே கேள்விதான் கேட்டார். எப்போ தூங்கினே? எப்போ சாப்பிட்டே? ஒரு ராத்திரிக்கு எத்தனை டீ? கடைசிக் கேள்விக்கு மட்டும்தான் எனக்குப் பதில் தெரிஞ்சது: ஏழு. இரைப்பை புண்ணாகி இருக்கு, விரதத்தை நிறுத்துன்னு சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வயிற்று எரிச்சலை விட ஒரு கேள்விதான் என்னை அதிகமா வாட்டியது. "தினமும் கவசம் சொல்றேனே முருகா, எனக்கு ஏன் இப்படி?" உங்களில் பலருக்கும் இந்தக் கேள்வி வந்திருக்கும். கேட்டால் குற்றமோன்னு உள்ளேயே வச்சிருப்போம்.

பாகூர் ஆயா சொன்னது

ரெண்டு நாள் லீவு போட்டு பாகூரில் இருக்கும் எங்க ஆயா வீட்டுக்குப் போனேன். ஆயா சின்ன வயசிலிருந்து நடவு வேலை பார்த்தவங்க. சாயங்காலம் விளக்கு வச்சதும், "கவசம் சொல்லுடா, கேக்கறேன்"னாங்க. வழக்கம்போல வேகமா ஆரம்பிச்சேன். "யாரு தொரத்தினு வராங்க? மெதுவா சொல்லு"ன்னாங்க.

மெதுவா சொன்னேன். வயிற்றைக் காக்கச் சொல்லும் இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாங்க.

"வயித்தக் காப்பாத்துன்னு வேலுகிட்ட சொல்லிட்டு, ராத்திரி பூரா அதுல டீயா ஊத்தினு இருந்தியே, இன்னா நியாயம்டா? அவரு வாசல்ல காவல் நிக்கறாரு. நீ கொல்லக் கதவ தொறந்து வுடுற."

என் கேள்விக்குப் பதில் அதில் இருந்தது. அன்னிக்கு ராத்திரிதான் கவசத்தை முதல்முறையா அர்த்தம் பார்த்துப் படிச்சேன்.

கவசத்தில் என்ன இருக்கிறது?

கந்த சஷ்டி கவசம் 19-ஆம் நூற்றாண்டில் தேவராய சுவாமிகள் பாடியது. தாங்க முடியாத வயிற்றுவலியோடு திருச்செந்தூர் போனபோது அவர் பாடினார் என்று வழிவழியாகச் சொல்வார்கள். நடுப்பகுதியில் தலை, நெற்றி, கண், காது, மூக்கு, நாக்கு, கழுத்து, மார்பு, முதுகு, வயிறு, இடுப்பு, முழங்கால், விரல் என்று உடம்பின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, வேல் காக்கட்டும் என்று வேண்டுகிறார். பகலும் இரவும் நடுச்சாமமும் வருகின்றன. நோய்களின் பட்டியலில் குன்மமும் உண்டு. சித்த மருத்துவத்தில் அது வயிற்று நோயின் பெயர். அட, என் பிரச்சனையும் அதில் இருக்கு!

1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கபாட்-ஸின் என்பவர் மனஅழுத்தம் குறைக்க ஒரு பயிற்சித் திட்டம் தொடங்கினார். அதில் ஒரு பயிற்சி, படுத்துக்கொண்டு உடம்பின் ஒவ்வொரு பகுதியாகக் கவனத்தைக் கொண்டுபோவது. இதுவும் கவசமும் ஒன்றுன்னு நான் சொல்லவில்லை. அது பயிற்சி, இது பிரார்த்தனை. ஆனால் மெதுவாகச் சொன்னால் நம் கவனமும் கவசத்தோடு உறுப்பு உறுப்பாக இறங்கி வருகிறது. தோள் இறுகியிருக்கிறதா, தாடையைக் கடித்துக்கொண்டிருக்கிறோமா என்று அப்போதுதான் தெரிகிறது. ரெண்டு மடங்கு வேகத்தில் இது நடக்காது.

மூச்சுக்கும் ஜபத்துக்கும் என்ன தொடர்பு?

எங்க வில்லியனூரில் திருக்காமீஸ்வரர் கோயிலும் இருக்கு, லூர்து மாதா திருத்தலமும் இருக்கு. ஜெபமாலை உருட்டுபவர்களை சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன். இத்தாலியைச் சேர்ந்த பெர்னார்டி என்ற மருத்துவரின் குழு, கிறிஸ்தவ ஜெபமாலையையும் ஒரு யோக மந்திரத்தையும் 23 பேரிடம் சோதித்து 2001-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. இரண்டையும் சொல்லும்போது மூச்சு நிமிஷத்துக்கு சுமார் 6 என்று மெதுவானது. இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் அந்தத் தாளத்துக்கு இசைந்தன. சின்ன ஆய்வுதான். ஆனாலும் வாய்விட்டு நிதானமாகச் சொல்லும் ஜபம் மூச்சை நீட்டுகிறது, நீண்ட மூச்சு உடம்பைப் பதற்றத்திலிருந்து இறக்குகிறது என்பதை இதில் பார்க்கலாம்.

நன்றி சொல்வது எப்படி?

ஆயா கேட்ட இன்னொரு கேள்வி: "தெனிக்கும் சாமிகிட்ட இது குடு அது குடுன்ற. குடுத்தத என்னிக்காச்சும் சொன்னியா?"

ஆயா படுக்கும் முன்னே அன்னன்னிக்குக் கிடைச்சதைச் சொல்லுவாங்க. பாகூர் ஏரியில தண்ணி ஏறியிருக்கு. முட்டி இன்னிக்கு வலிக்கல. பேரன் வந்தான். "எல்லாத்துக்கும் நன்றி"ன்னு மொத்தமா ஒருநாளும் சொல்ல மாட்டாங்க. ஒவ்வொண்ணா எண்ணுவாங்க.

எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வும் கிட்டத்தட்ட இதுதான். மாணவர்களில் ஒரு குழு வாரம் ஒருமுறை நன்றிக்குரிய விஷயங்களை ஐந்து வரை எழுதியது. இன்னொரு குழு எரிச்சலூட்டியவற்றை எழுதியது. சுமார் 10 வாரம் கழித்து, நன்றி எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நல்லவிதமாக உணர்ந்தார்கள். உடல் உபாதைகளும் குறைவு, உடற்பயிற்சியும் அதிகம்.

நான் இப்போது செய்வது

1. கவசம் சொல்லும்போது போன் கையில் இல்லை. முழுசாச் சொல்ல நேரமில்லாத நாளில், "சரவணபவ" என்ற ஆறெழுத்தை ஒவ்வொரு மூச்சை விடும்போதும் நிதானமாக ஒருமுறை, பத்து மூச்சு.

2. உறுப்பின் பெயர் வரும்போது, "இதுக்கு இன்னிக்கு நான் என்ன செஞ்சேன்?"னு ஒரு கேள்வி. கண்ணுக்குத் தூக்கம், வயிற்றுக்கு நேரத்தில் சோறு, காலுக்குக் கொஞ்சம் நடை.

3. ராத்திரி மூணு நன்றி, குறிப்பா. "டீக்கடை அண்ணன் பிடிச்சு உட்கார வச்சார்" என்பதுதான் என் நோட்டில் முதல் வரி.

4. விரதம் டாக்டரைக் கேட்டுத்தான். மாத்திரை சாப்பிடுபவர்கள் பாலும் பழமும் எடுத்தும், ஒருவேளை மட்டும் விட்டும் இருக்கலாம். முருகன் கோவிச்சுக்க மாட்டார்.

ஒரு எச்சரிக்கை

நன்றி சொல்வது என்றால் எல்லாத்தையும் வாய்மூடிப் பொறுத்துக்கொள்வது இல்லை. தொடர்ந்து நைட் ஷிஃப்ட் போடாதீங்கன்னு நான் போய்க் கேட்டேன். முழுசாக் கிடைக்கவில்லை, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்னு ஆச்சு. கேட்டதால்தான் அதுவும் வந்தது.

அதேபோல, "ஒருநாள் விட்டால் குத்தம், பத்துப் பேருக்கு அனுப்பு"ன்னு பயமுறுத்தும் ஃபார்வர்டுகளை அழிச்சுடுங்க. பக்தி இன்னொரு டார்கெட் ஆகிவிடக் கூடாது.

வாரக்கணக்கில் தூக்கம் இல்லையா? எதிலும் பிடிப்பு இல்லையா? வாழவே வேண்டாம்னு தோணுதா? கவசம் மட்டும் போதும்னு இருக்காதீங்க. அரசின் டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். டாக்டரிடம் போவதும் அவனிடம் போகிற வழிதான்.

இந்த ஐப்பசியில் நான் மறுபடியும் சஷ்டி விரதம் இருக்கப் போறேன். ஒருவேளை சோறு, ஏழு மணி நேரத் தூக்கம், மெதுவான கவசம். ஆயாவிடம் சொன்னேன். "இப்பதான்டா நீயும் அவரும் ஒரே பக்கம் நிக்கறீங்க"ன்னு சிரிச்சாங்க.

இன்னிக்கு ராத்திரி உங்க மூணு நன்றி என்ன? படுக்கும் முன்னே ஒரு தாளில் எழுதிப் பாருங்க.

வேலும் மயிலும் துணை. வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!