நெல் காய்ஞ்சா எத்தனை கிலோ குறையும்?

பிளேஸ்மென்டுக்குப் படிக்கிற ஆப்டிட்யூட் புத்தகம் எதை எடுத்தாலும் ஒரு திராட்சைக் கணக்கு இருக்கும். பச்சைத் திராட்சையில 90 சதவீதம் தண்ணி, உலர் திராட்சையில 20 சதவீதம் தண்ணி. 20 கிலோ பச்சைத் திராட்சை காய்ஞ்சா எவ்வளவு மிஞ்சும்? விடை இரண்டரை கிலோ. ஃபார்முலாவை மனப்பாடம் பண்ணிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுறோம். ஆனா தஞ்சாவூர்ப் பக்கம் இருக்கிற நமக்கு இதே கணக்கு ரோட்டோரத்துலயே காயுது. அறுவடை நேரத்துல தார் ரோட்டுல விரிச்சிருக்கிற நெல்லைத்தான் சொல்றேன்.

அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போற நெல்லுல ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாது. (மழை அதிகமான வருஷங்கள்ல மத்திய அரசு இதைக் கொஞ்சம் தளர்த்துறதும் உண்டு.) இப்போ கணக்கு: வீட்டுல 1000 கிலோ நெல் இருக்கு, ஈரப்பதம் 22. அதை 17-க்குக் காய வச்சா எத்தனை கிலோ இருக்கும்?

22-லேர்ந்து 17 போனா 5. ஆயிரத்துல 5 சதவீதம் 50. அதனால 950 கிலோ. பத்துல எட்டுப் பேர் இப்படித்தான் சொல்லுவோம். இது தப்பு.

எக்ஸ், ஒய் எழுதறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இதுல மாறாதது எது? தண்ணி மாறுது, மொத்த எடையும் மாறுது. தண்ணி போக மிச்சம் இருக்கிற காய்ந்த பகுதி மட்டும் மாறல. அதைப் பிடிச்சுக்கணும்.

முதல்ல தண்ணி 220 கிலோ, காய்ந்த பகுதி 780 கிலோ. காய வச்ச பிறகும் அதே 780 தான். ஆனா இப்போ தண்ணி 17 சதவீதம்னா, இந்த 780 புது எடையில 83 சதவீதம். புது எடையை எக்ஸ்னு வச்சா,

0.83 எக்ஸ் = 780
எக்ஸ் = 780 ÷ 0.83 = 939.76

கிட்டத்தட்ட 940 கிலோ. சரி பார்ப்போம்: 940-ல 17 சதவீதம் ஏறக்குறைய 160 கிலோ தண்ணி. 780-ஓட கூட்டினா 940. சரிதான்.

950-க்கும் 940-க்கும் ஏன் வித்தியாசம்? 22 சதவீதம்ங்கிறது ஆயிரத்துல. 17 சதவீதம்ங்கிறது வேற ஒரு எடையில. முழுசு வேற வேறயா இருக்கிற ரெண்டு சதவீதத்தை நேராக் கழிக்கக் கூடாது.

பத்து கிலோதானேன்னு விட முடியாது. 2025-26 கொள்முதல்ல சாதா ரக நெல் குவிண்டால் 2500 ரூபாய், அதாவது கிலோ 25. டன்னுக்கு 250 ரூபாய் இடிக்கும். 950 வரும்னு எதிர்பார்த்து தராசுல 940 பார்க்கிறவர், எடையில ஏமாத்திட்டாங்கன்னு நினைப்பார். கணக்கு தெரிஞ்சா, 940 வரைக்கும் வெயில் எடுத்தது, அதுக்குக் கீழ போனாத்தான் கேள்வி கேட்கணும்னு புரியும்.

இன்னொரு பக்கமும் இருக்கு. பயத்துல 14 வரைக்கும் காய வச்சுட்டா? 780 ÷ 0.86 = 907. 17-ல நிறுத்தினதை விட 33 கிலோ குறைவு. அதே அரிசிதான் உள்ள இருக்கு, ஆனா டன்னுக்கு 820 ரூபாய் போச்சு. விதைக்கோ, ரொம்ப நாள் வச்சிருக்கவோ காய வைக்கிறது வேற விஷயம்.

இந்த மாதிரிக் கணக்கு நம்ம ஊருக்குப் புதுசில்ல. காரிநாயனாரோட கணக்கதிகாரத்துல நிலம், நெல், பொன் கணக்கெல்லாம் இருக்கு. பெரிய கோயில் கல்வெட்டுல நெல் அளக்க ஆடவல்லான்னு பேர் வச்ச ஒரு மரக்காலே வருது. ராஜராஜன் காலத்துல நிலவரி வேலிக்கு ஏறக்குறைய 100 கலம் நெல். அதை வச்சு ஒரு கணக்கு, நீங்களே போடுங்க: 2 ஏக்கருக்கு எத்தனை மரக்கால் வரி?

20 மா ஒரு வேலி, 12 மரக்கால் ஒரு கலம், டெல்டாவுல இன்னிக்கும் சொல்ற மாதிரி 3 மா ஒரு ஏக்கர். அந்தக் காலத்து அளவுகோலும் மரக்காலும் இன்னிக்கு இருக்கிற அளவு இல்ல, அதனால இது பயிற்சிக்கு மட்டும். இங்க மாறாதது நிலம். ஏக்கர்னு சொன்னாலும் மான்னு சொன்னாலும் அதே வயல்தான்.

விடை: 6 மா, 30 கலம், 360 மரக்கால்.