பூக்காத பசுமை

சேலம் மாவட்டம் ஆத்தூர் வட்டாரத்தின் மானாவாரி நிலங்களில் துவரையும் விளைகிறது. ஏனைய செடிகள் பூத்துக் குலுங்கும் பருவத்தில், சில செடிகள் மட்டும் புதர்போல் தழைத்துப் பூவின்றி நிற்பதுண்டு. அவற்றின் இலைகள் சிறுத்து, வெளிர்பச்சைத் திட்டுகளுடன் காணப்படும். இதுவே மலட்டுத் தேமல் நோய்.

1931ஆம் ஆண்டில் பீகாரின் பூசாவில் இந்நோய் முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்டது. ஆயினும், இதற்குக் காரணமான வைரசு ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பின்னரே இனங்காணப்பட்டது. அதனைப் பரப்புவது எரியோபைட் எனும் சிலந்திப்பேன். கண்ணுக்குப் புலப்படாத இவ்வுயிரிக்கு இறகில்லை. காற்றே அதன் ஊர்தி.

விதைவழி இந்நோய் பரவுவதில்லை. உயிருள்ள செடியே அதன் உறைவிடம். பசுமையைக் கண்டு மயங்கி விட்டுவைக்கும் ஒரு செடி, அண்டை வயலின் விளைச்சலையும் அழிக்கக்கூடும். எனவே, நோயுற்ற செடிகளைத் தொடக்கத்திலேயே பிடுங்கி அழித்தலும், அறுவடைக்குப்பின் மீண்டும் துளிர்ப்பவற்றை நீக்குதலும், எதிர்ப்புத்திறன் மிக்க இரகங்களை விதைத்தலும் இன்றியமையாதன.