தெளிந்த ஓடையில் குளிக்கலாமா?

கேள்வி: எங்கள் ஓடை காடு, மாட்டுத் தொழுவங்கள், வீடுகள் எல்லாம் தாண்டி வருகிறது. மழை விட்டு நீர் தெளிந்ததும் பிள்ளைகளைக் குளிக்க விடலாமா?

பதில்: உடனே வேண்டாம், தயவுசெய்து. பெருமழை சாணத்தையும் கழிப்பறைத் தொட்டிக் கசிவையும் ஓடைக்கு அடித்துவரும். நீர் தெளிந்த பிறகும் ஈ.கோலை பாக்டீரியா அடிவண்டலில் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். பிள்ளைகள் காலால் கலக்கினால் மேலே வந்துவிடும். கனடாவின் வாக்கர்ட்டனில் 2000 மே மாதம் மழையோடு மாட்டுச்சாணம் ஊர்க்கிணற்றில் கலந்து 7 பேர் இறந்தார்கள். சாணம்தானே என்று விட்டுவிட முடியாது.

நீரைப் பரிசோதியுங்கள். இந்தியாவில் குளிக்கும் நீருக்கு 100 மில்லியில் மலக்கோலிஃபார்ம் (மலக்கலப்பைக் காட்டும் பாக்டீரியா) 500 வரை நல்லது, உச்சவரம்பு 2500. கலந்த மலம் மாட்டுடையதா மனிதருடையதா என்பதை இந்த எண் சொல்லாது, அதற்கு டி.என்.ஏ. சோதனை வேண்டும். அந்த முடிவு வரும்வரை காத்திராமல், மாடுகள் ஓடையில் இறங்காதபடி வேலி போடுங்கள்.